குறைந்த 3 கிலோ எங்கே போனது?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நிறை 70 கிலோ. நல்லூர்க் கொடியேற்றத்தன்று விரதம் தொடங்கினாராம். ஒருநேரச் சாப்பாடு, பின்னேரம் நடை. 25ஆம் நாள் தீர்த்தத்துக்குள் 10 கிலோ குறைக்க வேண்டும். முதல் கிழமையிலேயே 3 கிலோ இறங்கிவிட்டது. இரண்டாம் கிழமை தராசு அசையவேயில்லை. "நான் எதில பிழை விட்டனான்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. இலக்குத்தான் பிழை.

முதலில் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். சோறும் புட்டும் தரும் மாப்பொருளில் ஒரு பங்கை ஈரலும் தசையும் கிளைக்கோசனாகச் சேமிக்கின்றன. ஏறக்குறைய அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தால் கிளைக்கோசன் செலவாகும், நீரும் கூடவே போய்விடும். விரதம் முடிந்து வயிறாறச் சாப்பிட்டால் அதே நீர் திரும்பி வரும்.

கொழுப்பின் கதை வேறு. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வியர்வை என்பார்கள், மலம் என்பார்கள், சக்தியாக மாறிவிட்டது என்பார்கள். சாதாரண தர இரசாயனம் படித்தவருக்குத் தெரியும், அணுக்கள் சக்தியாக மாறி மறைவதில்லை. உடற்கொழுப்பின் ஒரு மூலக்கூறில் 55 காபன், 104 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள் அளவில் இருக்கின்றன. கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் நுண்ணிய உறுப்பான இழைமணி அதை ஒட்சிசனோடு சேர்த்து எரிக்கும்போது காபனீரொட்சைட்டும் நீரும்தான் மிஞ்சும். கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ கொழுப்பில் 840 கிராம் மூச்சோடு போகிறது, 160 கிராம் நீராகிறது. அதை எரிக்க நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் 2.9 கிலோ!

எனக்கு இதைவிட அழகான கணக்கு உடலில் வேறு இல்லை. பண்ணைக் கடற்கரையில் நடந்தபடி நீங்கள் விடும் மூச்சில், போன வருசம் இடுப்பில் படிந்த காபன் இருக்கலாம். அதையே ஒரு வடலி இலை இழுத்துக்கொள்ளவும் கூடும். மூச்சு என்பது மெதுவான எரிதல் என்று பிரெஞ்சு விஞ்ஞானிகள் லாவோசியேயும் லப்லாசும் 1780களிலேயே காட்டினார்கள். பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, உருகிய பனியையும் அது விட்ட வாயுவையும் எரியும் கரியோடு ஒப்பிட்டார்கள்.

அப்படியானால் வேகமாக மூச்சு விட்டால் மெலியலாமா? முடியாது. கலம் எரித்துத் தந்த காபன்தான் வெளியே வரும். சும்மா இருந்து வேகமாக மூச்சு விட்டால் தலைதான் சுற்றும். வயிற்றில் பட்டி கட்டி வியர்த்தால் கொழுப்பு உருகும் என்று விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே போவது தண்ணீர், கூடவே ஏழைச் சனத்தின் காசு.

இனி இலக்கு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி இருக்கிறது. 25 நாளில் 10 கிலோ என்றால் நாளுக்கு 3,080. உங்கள் உடல் முழுநாளும் செலவழிப்பதே அநேகமாக 2,000 சொச்சம்தான். ஒன்றும் உண்ணாமல் கிடந்தாலும் கணக்கு ஒத்துவராது. 70 கிலோ ஆள் ஒரு கிலோமீற்றர் நடந்தால் 50 அளவில் செலவாகும். ஒரு கிலோ கொழுப்பை நடையால் மட்டும் எரிக்க, யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் கொடிகாமம், கிளிநொச்சி, மாங்குளம் எல்லாம் கடந்து வவுனியாவையும் தாண்ட வேண்டும்.

நாளுக்கு 550 கிலோகலோரி குறைந்தால் கிழமைக்கு அரைக் கிலோ, தீர்த்தத்துக்குள் 2 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அது சின்ன விசயமில்லை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு 7 சதவீத நிறைக்குறைப்பும் கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. அவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோ. தைப்பொங்கல்வரை தவணை வையுங்கள். தெற்காசியருக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருகிறது. எங்கட சனத்தை, எங்கட சாப்பாட்டோடு அளந்து பார்க்கும் ஆய்வுகளுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

அம்மாவும் உங்களோடு விரதம் பிடிப்பதாகவும் சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நாளைக்கே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சில மாத்திரைகளை அதே அளவில் போட்டுக்கொண்டு ஒருநேரம் மட்டும் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.