பேஸ்டல் தூளை வாயால் ஊதாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மாடியில் லீவு நாட்களில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு பையன் பூநாரையின் கழுத்தை வரைந்துவிட்டு, தாளில் சேர்ந்திருந்த ரோஸ் தூளை ஃபூ என்று ஊதினான், எதிரே இருந்த சிறுமியின் முகமெல்லாம் ரோஸ். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் பத்து வருடத்துக்கு மேல் நானும் அப்படித்தான் ஊதினேன். கடைசியில் மாதக்கணக்கில் விடாத இருமல். காலையில் மூக்கைச் சிந்தினால் முந்தின நாள் வரைந்த கடலின் நீலம் கைக்குட்டையில் இருக்கும். டாக்டர் "தூளில் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் சொல்வது சாஃப்ட் பேஸ்டல் என்ற நிறக்குச்சி. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஆயில் பேஸ்டலில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் தூள் பறக்காது. சாஃப்ட் பேஸ்டலில் நிறமியும் சுண்ணமும்தான், பிடித்து வைக்கக் கொஞ்சம் பிசின். அந்தக் காலை நேரத்துக் கடல் நிறம் வேறு எதிலும் இவ்வளவு உயிரோடு வராததற்கும், தொட்டாலே உதிர்வதற்கும் இதுவே காரணம்.

எல்லா நிறமும் ஆபத்து இல்லை. ஆனால் தனுஷ்கோடி அந்தி வானத்துக்கு நாம் ஆசையாக எடுக்கும் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் குச்சிகளில் சில காட்மியம் கலந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு காட்மியத்தை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் முதல் வகையில் வைத்திருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குச்சியின் தாளிலோ கம்பெனியின் நிறப்பட்டியலிலோ பி.ஆர்.108, பி.ஓ.20, பி.ஒய்.35 என்று இருந்தால் அது காட்மியம். குறியீடே போடாத மலிவு டப்பாவை நான் வாங்குவதை விட்டுவிட்டேன். அப்புறம், விஷமில்லாத தூளானாலும் தினமும் நுரையீரலுக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் காற்று. குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும்போது வாடைக்காற்றும் சேர்ந்து வீசும். காற்றை எதிர்த்து உட்கார்ந்தால் தூள் நேரே முகத்துக்கு வரும், முதுகைக் கொடுத்தால் உங்கள் உடம்புக்கும் பலகைக்கும் நடுவே சுழலும். பக்கவாட்டில் உட்காருங்கள். வீட்டில் இன்னும் மோசம்: உப்புக்காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, புழுக்கத்துக்கு ஃபேனைப் போட்டுக்கொண்டு வரைகிறோம். தூள் அறையை விட்டுப் போகவே போகாது. வரையும் நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், உப்பைத் துடைத்துக்கொள்ளலாம்.

பலகையின் மேல்விளிம்பு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும், தூள் படத்தின் மேல் தங்காமல் நேராகக் கீழே விழும். அடியில் அலுமினியத் தாளை மடித்துத் தொட்டி மாதிரி ஒட்டி, அதில் ஈரத்துணியைப் போட்டுவிட்டால் விழுந்தது எழும்பாது. ஊதத் தோன்றினால் பலகையின் பின்பக்கம் விரலால் தட்டுங்கள். பூநாரை பறக்கும்போது தெரிகிற இறக்கைச் சிவப்பும் ஓரக் கறுப்பும் ஒரே தீற்றலில் வராது, நாலைந்து அடுக்கு போட வேண்டும். அந்த மாதிரி நாட்களில் என்95 மாஸ்க் கட்டாயம், துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் போதாது. விரலால் தேய்ப்பவர்கள் மெல்லிய கையுறை போடுங்கள். அந்தக் கையோடு டீ குடிக்க வேண்டாம்.

தூள் உதிராமல் படத்தில் பிடித்து வைக்க அடிக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரேயை மொட்டை மாடியில் மட்டும் அடியுங்கள், அறைக்குள் அடித்தால் அந்த ஆவியும் மூச்சில்தான் போகும். நிறத்தையும் கொஞ்சம் மங்கவைப்பதால் நான் பெரும்பாலும் அடிப்பதே இல்லை, கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விட்டு ஃப்ரேம் போட்டுவிடுகிறேன்.

வேலை முடிந்ததும் துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்ணிய தூளை மறுபடி காற்றிலேயே விட்டுவிடும். துடைத்த துணியை வாசலில் அலசி ஊற்றாதீர்கள், இங்கே ஊற்றும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. காயவிடாமல் ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஆயில் பேஸ்டலே போதும், என் வகுப்பில் இந்த வாரமே மாற்றிவிட்டேன்.