மூத்த பேரனுக்கு ஏன் பட்டம் வராது?

லண்டனில் உயில், அறக்கட்டளைப் பத்திரம், வாரிசுரிமை ஆகியவற்றைக் கவனிக்கும் வழக்கறிஞராக இருப்பதால், என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகள் பெரும்பாலும் வீடு, ஓய்வூதியம், ஊரில் இருக்கும் நிலம் என்ற அளவிலேயே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் அம்மாவின் கேள்வி அப்படிப்பட்டதல்ல. அவருடைய மகளை மணந்திருந்தவர் ஓர் ஆங்கிலேய பிரபுவின் மூத்த மகன். (அடையாளம் தெரியாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) முதலில் வாடகை மண்டபம் ஒன்றில் ஐயரை வைத்துத் தாலி கட்டியிருக்கிறார்கள், பதிவுத் திருமணம் பின்னால் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அது நடந்தேறியபோது மூத்த பேரனுக்கு ஒரு வயது ஆகியிருந்தது. "தாலி கட்டின பிறகுதானே தம்பி குழந்தை பிறந்தான்? அவன்தானே மூத்தவன்?" என்று அவர் கேட்டார். பிரபு பட்டம், பதிவுத் திருமணத்துக்குப் பின் பிறந்த இரண்டாவது பேரனுக்குத்தான் போகும் என்று நான் சொன்னதை அன்று அவர் நம்பவில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தின் தேவைகள் எதையும் நிறைவேற்றாமல் இந்நாட்டிலேயே நடத்தப்படும் சமயச் சடங்கு, அது எந்தச் சமயத்துடையதாக இருந்தாலும், திருமணமாகவே கணக்கில் வராது என்று 2020ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் அங்குள்ள சட்டப்படி முறையாக நடந்த திருமணத்தை இங்கும் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே சிக்கல் சடங்கில் இல்லை, அது நடந்த இடத்தில்தான் இருக்கிறது. சொத்தைப் பொறுத்தவரை இதனால் பெரிய பாதிப்பு இல்லை, ஏனெனில் பெற்றோர் மணமானவர்களா இல்லையா என்ற பாகுபாட்டை 1987ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தம் ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டது. பிரபு பட்டத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. பெற்றோர் பின்னர் மணம் செய்துகொண்டாலும், திருமணத்துக்கு முன் பிறந்த மகன் இங்கிலாந்துப் பட்டம் எதற்கும் வாரிசாக முடியாது. இப்போதைய ஹேர்வுட் ஏர்லின் (ஏர்ல் என்பது பிரபு பட்டங்களில் ஒரு படி) குடும்பத்திலும் இதுதான் நடந்திருக்கிறது: பெற்றோர் 1979இல் மணம் செய்வதற்கு முன் பிறந்த மூத்த மகனை விட்டு, 1980இல் பிறந்த மகனே வாரிசாக நிற்கிறார். தத்துப்பிள்ளைகளின் நிலையும் இதுவே. 2004ஆம் ஆண்டின் அரசாணை அவர்கள் பெயருக்கு முன் மரியாதை அடைமொழி போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது, வாரிசுரிமை கொடுக்கவில்லை.

பட்டம் யாரிடம் போகும் என்பதைத் தீர்மானிப்பது, அதை முதன்முதலில் வழங்கிய அரச பட்டயத்தில் உள்ள சொற்கள். பெரும்பாலான பட்டயங்கள் முதல் பிரபுவின் வழியில் முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு என்றே எழுதப்பட்டவை என்றாலும், வேறு விதமாக எழுதவும் அரசருக்கு அதிகாரம் உண்டு. இந்திய வைஸ்ராயாக இருந்து நம் ஊரில் பலரும் அறிந்த கர்சன் பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் இல்லாத அவருக்கு 1911ஆம் ஆண்டில் ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்ற மூன்று படிகளில் மூன்று பட்டங்கள் கிடைத்தன. மூன்றின் பட்டயமும் ஒன்றுபோல் இல்லை. 1925இல் அவர் இறந்தபோது ஏர்ல் பட்டமும், 1921இல் பெற்ற மார்க்வெஸ் பட்டமும் அவரோடு முடிந்துபோயின; ஸ்கார்ஸ்டேல் என்ற வைகவுண்ட் பட்டம் தம்பியின் மகனுக்குச் சென்றது; ரேவன்ஸ்டேல் என்ற பாரன் பட்டம் மூத்த மகளை அடைந்தது. உயில் எழுதி இந்த ஏற்பாட்டில் ஒரு புள்ளியைக்கூட அவரால் மாற்றியிருக்க முடியாது. பட்டத்தை உயிலில் எழுதிவைக்க விரும்பிய கட்சிக்காரர் ஒருவரிடம் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

1904ஆம் ஆண்டில் கர்சன் விடுப்பில் சென்றபோது தற்காலிக வைஸ்ராயாக இருந்தவர் சென்னை ஆளுநர் இரண்டாம் ஆம்ப்தில் பிரபு. பரம்பரைப் பட்டங்களைப் பற்றிய சட்டத்தில் மிகப் பெரிய வழக்கு அவருடைய வீட்டிலிருந்தே கிளம்பியது. அவருடைய மூத்த மகன் ஜான் ரசல் 1918இல் கிறிஸ்டபெல் ஹார்ட் என்பவரை மணந்தார். 1921இல் ஜெஃப்ரி பிறந்தபோது, மனைவியோடு தமக்கு உடலுறவே இருந்ததில்லை என்று கூறி ஜான் விவாகரத்துக் கோரினார். 1922இல் முதல் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1923இல் இரண்டாவது ஜூரி, பெயர் தெரியாத ஓர் ஆணோடு மனைவிக்குத் தொடர்பு இருந்ததாகத் தீர்ப்பளித்தது. அந்த இரு விசாரணைகளின் விவரங்களைப் பத்திரிகைகள் அச்சிட்ட விதம், இத்தகைய வழக்குச் செய்திகளைக் கட்டுப்படுத்த 1926இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டிய நிலையை உண்டாக்கியது. இதற்கிடையில் 1924இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, திருமணத்துக்குள் பிறந்த குழந்தையை முறையற்றதாக்கும் வகையில் கணவனோ மனைவியோ தங்கள் தாம்பத்தியத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூடாது என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை நீக்கியது. பெற்றோர் வாய் திறக்கவே கூடாது என்ற விதி இன்றைய கண்ணுக்கு விநோதமாகத் தெரியலாம்; குழந்தையின் நிலையைக் காப்பதற்கு அன்றைய சட்டத்திடம் இருந்த வேலி அதுதான்.

கிறிஸ்டபெல் அதோடு நிற்கவில்லை என்பதைத்தான் என் கட்சிக்காரர்களிடம் நான் அழுத்திச் சொல்வேன். ஐந்து வயதுகூட நிரம்பாத ஜெஃப்ரி முறைப்படி பிறந்த மகனே என்று அறிவிக்கும் நீதிமன்றத் தீர்ப்பை 1926இல் பெற்றுவைத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1973இல், மூன்றாம் பிரபுவான ஜான் இறந்தார். அவருடைய மூன்றாவது மனைவிக்கு 1950இல் பிறந்த மகன் பட்டம் தமக்கே உரியது என்று வழக்காடினார். 1976இல், பட்ட உரிமை வழக்குகளை விசாரிக்கும் பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு, மோசடியால் பெறப்பட்டதென்று நிரூபிக்கப்படாத அந்த 1926ஆம் ஆண்டு அறிவிப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லி ஜெஃப்ரியை நான்காம் ஆம்ப்தில் பிரபுவாக ஏற்றது. கிறிஸ்டபெல் அதைக் கேட்க உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

அப்படி ஒரு தாளைக் கையில் வைத்திராத குடும்பத்தின் கதை 2016இல் நடந்தது. பிரிங்கிள் என்ற ஸ்காட்லாந்துப் பாரோனெட் பட்டத்தில் (இது பிரபு பட்டத்துக்கு ஒரு படி கீழானது), குடும்ப வரலாற்று ஆய்வுக்காக பத்தாம் பாரோனெட் கொடுத்திருந்த மரபணு மாதிரி அவருடைய கிளையின் ஆண்வழித் தொடர்ச்சியையே கேள்விக்குள்ளாக்கியது. அரசியின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலின் நீதிபதிகள் குழு அந்தச் சான்றை ஏற்றது. பட்டம் அவருடைய மகனைத் தாண்டி வேறொரு கிளைக்குச் சென்றது. மரபணுப் பரிசோதனைப் பெட்டியைப் பொழுதுபோக்காக வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்று பட்டம் அடைபவர் பெற்றோரின் திருமணச் சான்றிதழ், தம் பிறப்புச் சான்றிதழ், முன்னவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் காட்டிப் பிரபுக்கள் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். சேர்க்காதவரை அரசு ஆவணங்கள் எதுவும் அந்தப் பட்டத்தால் அழைக்காது. வேண்டாம் என்பவர் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுக்குள் துறக்கலாம். துறப்பு அவர் ஆயுளுக்கு மட்டுமே, அடுத்த வாரிசைக் கட்டுப்படுத்தாது. விலை கொடுத்துப் பட்டம் பெறுவதற்கான பேரம் 1925 முதல் குற்றம். இணையத்தில் விற்கப்படும் 'லார்டு' சான்றிதழ்களுக்கும் பிரபு பட்டத்துக்கும் தொடர்பே இல்லை.

அந்த அம்மாவின் சம்பந்தி வீட்டு அறக்கட்டளைப் பத்திரத்தை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வீடும் தோட்டமும் "பட்டத்தை அடையும் வாரிசுக்கு" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பட்டத்தோடு சேர்ந்து இறங்கும்படி கட்டப்பட்ட சொத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்திருப்பதால், அந்த ஒரு தொடரினால் மூத்த பேரன் பட்டத்தோடு வீட்டையும் இழந்துகொண்டிருந்தான். பட்டத்தை யாராலும் மாற்ற முடியாது. பத்திரத்தை மாற்ற மாப்பிள்ளையின் தந்தைக்கு அதிகாரம் இருந்தது, மனமும் இருந்தது. மூன்று மாதத்தில் புதிய பத்திரத்தில் இரண்டு பேரன்களின் பெயர்களும் பிறந்த தேதிகளோடு ஏறின.