மலை ஏறும்போது கிளட்ச் வெயிட்டையும் பாருங்கள்

ஜனவரி பிறந்தால் அமெரிக்காவின் மலை மாநிலமான வயோமிங்கில் நான் வேலை பார்க்கும் வொர்க்‌ஷாப்புக்கு மினசோட்டா நம்பர் பிளேட் மாட்டிய டிரெய்லர்கள் வரத் தொடங்கிவிடும். அவர்கள் ஊரில் ஆயிரம் அடி உயரத்தில் பறந்த ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி), இங்கே டோகட்டி கணவாயில் 9,600 அடிக்கு மேல் ஏறியதும் திணறும். "பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்காதவர் குறைவு.

கம்ப்யூட்டர் பெட்ரோலைத்தான் சரிசெய்யும். கிளட்சுக்கு உயரம் தெரியாது.

ஸ்கூட்டரில் பெல்ட் வழியே தானாக கியர் மாற்றும் வேரியேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே உருளைகள் செய்கிற வேலையை இங்கே முன் கிளட்சின் வெயிட்டுகள் செய்கின்றன. எஞ்சின் வேகமெடுக்க அவை வெளிப்பக்கம் விரிந்து, கிளட்சின் இரு தட்டுகளையும் நெருக்கி பெல்ட்டை மேலேற்றும். வெயிட் கூடினால் சீக்கிரமே உயர் கியருக்குப் போய், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) இறங்கும். குறைந்தால் ஆர்பிஎம் ஏறும். டர்போ இல்லாத எஞ்சினில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் பவர் போகிறது. கணவாயின் உச்சியில் கால் பங்குக்கு மேல் போயிருக்கும். வெயிட் மட்டும் பழைய பவருக்கானதாகவே இருக்கும்.

போன வாரம் ஒரு 800 சிசி டூ ஸ்ட்ரோக் வந்தது. முழு பவர் 8,100 ஆர்பிஎம்மில் வர வேண்டிய எஞ்சின். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் 7,500-ஐத் தாண்டவில்லை. பக்கத்து மூடியைத் திறந்ததும் ரப்பர் கருகிய வாடை. உள்ளே எங்கும் கறுப்புத் தூள். பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. பெல்ட்டை மாற்றி, தட்டுகளைத் துடைத்து, அப்புறம்தான் வெயிட்டில் கை வைத்தேன். தேய்ந்த பெல்ட்டோடும் தளர்ந்த ஸ்பிரிங்கோடும் எடுக்கிற ஆர்பிஎம் கணக்கை நம்பவே முடியாது.

பல வண்டிகளில் ஒரு வெயிட்டுக்கு ஒரு கிராம் குறைத்தால் ஏறத்தாழ 100 ஆர்பிஎம் கூடும். ஆறு கிராம் குறைத்தேன். மூன்று வெயிட்டையும் கிராம் தராசில் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். ஒன்று மட்டும் கூடினாலும் அதிர்வு வந்து கிளட்சின் புஷ் (உராய்வைத் தாங்கும் உள்வளையம்) தேய்ந்துவிடும். பெல்ட் சூடானதும் மலைச் சரிவில் முழு ஆக்ஸிலேட்டரில் ஏற்றிப் பார்த்தோம். 8,050 வந்தது. ஸ்கி-டூ என்ற பிராண்டு ஸ்னோமொபைல்களில் வரும் டிஆர்ஏ வகை கிளட்சில், 1 முதல் 6 வரை எண்ணிட்ட திருகைத் திருப்பியே ஓரளவு சரிக்கட்டலாம்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காவல் மூடி இல்லாமல் எஞ்சினை முடுக்கிப் பார்க்காதீர்கள். அறுந்த பெல்ட் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

மலைக்குப் போட்ட வெயிட்டோடு ஊர் திரும்பி ஓட்டுவது இன்னும் மோசம். கீழே காற்று அடர்த்தி கூடும், பவர் திரும்பும், லேசான வெயிட்டால் எஞ்சினைப் பிடித்து நிறுத்த முடியாது. அளவுக்கு மீறிச் சுற்றினால் பிஸ்டன் வரை செலவு வைத்துவிடும். அதனால் கழற்றிய வெயிட்டுகளை ஒரு பையில் போட்டு, 'ஊருக்குப் போனதும் மாட்டவும்' என்று எழுதி, உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.