ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பார்சல்

போன வருஷம் மே மாதம் ஒரு மிக்ஸி ஜார் ஆர்டர் போட்டிருந்தேன். 'டெலிவரி செய்பவர் உங்கள் வாசலில் இருக்கிறார்' என்று போனில் செய்தி வந்தது. வாசலில் யாரும் இல்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், வெண்ணாற்றுக்குத் தென்கரையில் ஒரு தம்பி பைக்கை நிறுத்திவிட்டு போனையும் எங்கள் தென்னந்தோப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு வடகரை. கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். ஆறு காய்ந்து கிடந்ததால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தே வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலையில் இன்னொரு பார்சல், அதே தென்கரை, ஆனால் இப்போது இரு கரையும் தொட்டுத் தண்ணீர். பாலத்துக்கு நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இந்த முறை வந்தவர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது, 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று அழுத்திவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஜிபிஎஸ் மேல் தப்பில்லை. திறந்த வெளியில் சாதாரண போன்கூட 5 மீட்டர் வாக்கில் சரியாகவே இடத்தைக் காட்டும். சிக்கல் அதற்கு அடுத்த படியில். வழி சொல்லும் மென்பொருள் அந்தப் புள்ளியை, தனக்குத் தெரிந்த ரோடுகளில் எது மிக அருகில் இருக்கிறதோ அதில் கொண்டுபோய் ஒட்டவைக்கும். எங்கள் தெருவின் சிமென்ட் ரோடு அந்த வரைபடத்தில் இல்லை, தென்கரை ரோடு இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் அதுதான் பக்கம். நடுவில் ஓடுவது ஆறு என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

கிடங்கிலிருந்து வீடு வரைக்குமான இந்தக் கடைசித் துண்டுதான் சரக்கு அனுப்புவதில் அதிகம் செலவு பிடிப்பது. காரணத்தை ஒரு சூத்திரத்தில் சொல்லிவிடலாம். 1959-ல் பியர்ட்வுட், ஹால்டன், ஹேமர்ஸ்லி என்ற மூன்று கணிதவியலாளர்கள் நிரூபித்தது இது: ஒரு பரப்பில் சிதறிக் கிடக்கும் நிறைய இடங்களை ஒரே சுற்றில் தொட்டு வர ஆகும் மிகக் குறைந்த தூரம், பரப்பையும் இடங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதில் ஒரு மாறாத பங்கு. அந்தப் பங்கு சுமார் 0.71 என்பது பின்னால் கணினியில் கணக்கிட்டுக் கண்டது. 4 சதுர கிலோமீட்டர் டவுனில் 40 பார்சல் என்றால் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர், அதாவது பார்சலுக்கு 225 மீட்டர். அதே 40 பார்சல் 400 சதுர கிலோமீட்டர் கிராமப்புறத்தில் என்றால் 90 கிலோமீட்டர். கிராமத்தில் 40 எங்கே வரப்போகிறது, 10 தான் வந்தது என்று வையுங்கள், மொத்தம் 45 ஆகிவிடும், ஆனால் பார்சலுக்கு நாலரை கிலோமீட்டர். இதுவும் பறவை பறக்கிற தூரம்தான், பாலம் தேடும் தூரம் தனி.

இதற்குச் சம்பள ஆளையும் வேனையும் போட்டால் கட்டாது. அதனால்தான் சொந்த வண்டி வைத்திருக்கும் சாதாரண ஆட்களைப் பிடிக்கும் யோசனை வந்தது. அமேசான் 2015-ல் அமெரிக்காவில் ஃப்ளெக்ஸ் என்று தொடங்கி 2019-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. அமெரிக்கப் பெருங்கடை நிறுவனமான வால்மார்ட்டின் இதே மாதிரி ஏற்பாடான ஸ்பார்க் 2018-ல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வால்மார்ட் இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தது: கடை ஊழியர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது வழியில் இருக்கிற வாடிக்கையாளருக்குப் பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது. நம் ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மருந்துக் கடைக்காரர் டவுன் பஸ் கண்டக்டரிடம் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து 'ஆலமரத்து ஸ்டாப்புல ஒரு ஆள் நிப்பார்' என்று அனுப்புவதும், பால்வண்டியில் மோட்டார் பெல்ட் வந்து சேர்வதும் எந்தக் காலத்திலிருந்து நடக்கிறது!

ஆனால் அதற்குள் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. நீடாமங்கலத்தில் வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவருக்கு வழக்கமான தூரம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போக 1, கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு 11, அங்கிருந்து தன் வீட்டுக்கு 3, ஆக மொத்தம் 15. அவருக்குக் கூடுதல் 3 கிலோமீட்டர்தான். இதற்கென்றே ஒருவர் கடையிலிருந்து போய் வந்தால் 22. லாபம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது, செயலியில் இல்லை. (அந்த 1 கிலோமீட்டருக்குள் ரயில்வே கேட் மாட்டினால் என்ன ஆகும் என்று நீடாமங்கலத்துக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அப்புறம் யாருக்கு எந்தப் பார்சல் என்பது. பக்கத்தில் இருப்பவருக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். முருகன், செல்வி என்று இரண்டு பேர், இரண்டு பார்சல் என்று வையுங்கள். முருகனுக்கு முதல் பார்சலால் 1 கிலோமீட்டர் சுற்று, இரண்டாவதால் 2. செல்விக்கு முதலாவதால் 2, இரண்டாவதால் 9. முருகனுக்கு எளிதானதை முதலில் கொடுத்தால் மொத்தம் 10 ஆகிறது, மாற்றிக் கொடுத்தால் 4 தான். பத்துப் பேர், பத்துப் பார்சல் என்றால் பிரித்துக் கொடுக்க 36,28,800 வழிகள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமலே சிறந்ததைக் கண்டுபிடிக்கும் முறையை ஹரால்டு கூன் 1955-ல் வெளியிட்டார். ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் இருவரின் வேலையை அடிப்படையாகக் கொண்டதால் அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயர். இன்றைய செயலிகள் பலவற்றுக்கும் அடியில் இந்த வகைக் கணக்குதான் ஓடுகிறது, ஓட்டுபவர் வேண்டாம் என்று மறுத்தால் திரும்பப் போடுவது, ஒரே தெருவுக்கு மூன்றைச் சேர்த்துக் கட்டுவது போன்ற தொல்லைகளோடு.

உள்ளூர் ஆள் இந்தக் கணக்குக்குக் கொண்டுவருவது வேறு ஒன்று. 1972-ல் வந்த பின்கோடு தபால் ஆபீஸ் வரைக்கும் கொண்டுவிடும், அதன் கீழே பல கிராமம், கிராமத்துக்கு ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு. எந்த மேலத்தெரு என்பது அவருக்குத் தெரியும். டெல்டாவில் இன்னொன்றும் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். அது கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, எங்கள் ஊரை எட்டும்வரை ஆற்று மணலே ரோடு. தண்ணீர் வந்த அன்றைக்கு அந்த ரோடு அழிந்துவிடும். கணக்கு மொழியில் சொன்னால், இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு ஒன்று வருஷத்தில் சில மாதம் இருக்கும், மீதி மாதம் இருக்காது. இதை எந்த வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. 'போகிற வழிதானே' என்று தொடங்குவது, நாளுக்கு முப்பது பார்சல் ஆனதும் வழியாக இருப்பதில்லை, முழுநேர வேலையாகிவிடுகிறது. அப்போதும் கூலியை மட்டும் பழைய 3 கிலோமீட்டர் கணக்கிலேயே கொடுத்தால், மிச்சமான தூரத்துக்குப் பெட்ரோலும் டயரும் ஓட்டுபவர் தலையில் விழுகிறது. திரும்பி வெறுங்கையோடு வரும் தூரத்துக்கும் கடையில் காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கில் இடம் வேண்டும். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் இந்தத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள், அதில் பதிந்துகொள்வது நல்லது.

மணலில் நடந்து வந்தாரே, அந்தத் தம்பி பக்கத்து ஊர்தான், காலையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சாயங்காலம் பார்சல். இப்போதெல்லாம் எனக்கு ஏதாவது வந்தால் கிளம்புவதற்கு முன்பே போன் செய்துவிடுகிறார். ஹலோ கூடக் கிடையாது.

"அண்ணே, ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"