இசைவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் யாருடைய கைப்பேசி மக்கர் செய்தாலும் அது என்னிடம்தான் வரும். போன வாரம் அத்தை வந்தார். "நான் ஒன்னையும் அமுக்கலடா. ராத்திரி படுத்து எழுந்தா எல்லாம் மாறிக் கிடக்கு. யாரைக் கேட்டு மாத்துனான்?" திறந்து பார்த்தேன். செயலி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. அத்தை என்றோ 'செத்துஜு' (சம்மதம்) என்று அழுத்தியதுதான் அதற்கு ஆதாரம்.

மலாயில் செத்துஜு என்பதில் 'செ' ஒன்று, 'துஜு' திசை. இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது. ஆங்கிலத்துக் கன்சென்ட், லத்தீனில் சேர்ந்து உணர்வது. வடமொழிச் சம்மதமும் கருத்து ஒன்றுபடுவதுதான். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பேர் வேண்டும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பலரும் 'ஒப்புதல்' என்று போடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. ஒப்புதல் வாக்குமூலம் என்றால் குற்றத்தை ஏற்பது அல்லவா? 'உடன்பாடு' பழைய சொல். 890ஆம் குறளில் 'உடம்பாடு' என வருகிறது. அது இல்லாதவரோடு வாழ்வது குடிசைக்குள் பாம்போடு வாழ்வது போலவாம். ஆனால் இன்று உடன்பாடு என்றால் ஒப்பந்தம் என்றே காதில் விழுகிறது. 'அனுமதி' ஒரு சின்ன வாசலைத் திறந்துவிடுவது. எங்கிருந்தோ வரும் அறிவிப்பு கைப்பேசியில் ஒலிக்கலாமா என்ற கேள்விக்கு அது போதும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், செயலிகள் அந்த அனுமதியைக் கேட்டாக வேண்டும்.

நம் பொருளையே தானாக மாற்றுவதற்கு 'இசைவு' கேட்க வேண்டும் என்பேன். இசைதல் என்றால் பொருந்துதல், மனம் ஒத்துவருதல். என்ன மாறும் என்று தெரியாதவர் எதற்கு இசைவது? ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தை இசைவாக ஏற்பதில்லை.

தாத்தா காலத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி நீட்டிய தாளில், படிக்கத் தெரியாமலே கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். அதற்குப் பெயர் கைநாட்டு. அத்தை கண்ணாடித் திரையில் வைத்ததும் அதே விரல்தான்.

தானாக மாறுவதை நிறுத்தி, புதிது வந்தால் தெரிவிக்க மட்டும் வைத்துக் கொடுத்தேன். ஒரேயடியாகத் தள்ளிப்போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது என்று எச்சரித்தேன். சரி என்றார். இப்போது ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் அடித்து, "அமுக்கவாடா?" என்கிறார். நான் கிராணியாகிவிட்டேன்.