பூநாரைக்குப் பின்னால் இருப்பது

கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்விடுவேன். ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்தி, 600 மி.மீ. லென்ஸை மாட்டி, பூநாரை, கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி என்று கிடைத்ததையெல்லாம் சுட்டுத் தள்ளுவேன். சதுப்பு நிலத்தைக் காப்போம் என்று நண்பர்கள் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தபோது அதிலிருந்தே இருபது படங்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். பூநாரைப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்ற ஒரு அக்கா, "இது எங்க தம்பி, கோடியக்கரையா?" என்றார். அவர் வீடு பெரும்பாக்கத்தில். மொட்டை மாடிக்கு ஏறினாலே அந்தச் சதுப்பு தெரியும்.

தப்பு என் மேல்தான். நீள லென்ஸில் பின்னணி கரைந்துவிடும், ஐ.டி. கட்டடமும் பெருங்குடிக் குப்பை மேடும் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். அதைத்தான் எங்கள் தொழிலில் நல்ல படம் என்கிறோம். பறவை இருக்கும், ஊர் இருக்காது.

1983இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஃபிராங்க்ளின் ஆற்றில் அணை கட்டக் கூடாது என்று போராடியவர்கள், பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த பனிமூட்டமான ஆற்றுப் படத்தைத் தேர்தல் சமயத்தில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டார்கள், இதை அழிக்கப்போகும் கட்சிக்கா உங்கள் ஓட்டு என்ற கேள்வியோடு. அணை வரவில்லை. ஆனால் அது யாரும் எளிதில் போக முடியாத காடு, அழகைக் காட்டினால் போதும். நம்முடையது தினமும் லட்சம் பேர் பைக்கிலும் பறக்கும் ரயிலிலும் கடந்துபோகிற இடம். ஊரும் சேர்ந்து படத்தில் வந்தால்தான் கடந்துபோகிறவர் இது நம் ஏரியா என்று கண்டுபிடிப்பார்.

அதனால் இப்போது சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காட்டும் 24 மி.மீ. லென்ஸ்தான். ஒரே இடம், ஒரே கோணம், ஆடியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. ஆடிப் படத்தில் காய்ந்த சேறு, கோரை, காலி மனை மாதிரியே இருக்கும் (அரசுக் கணக்கிலும் ரொம்பக் காலம் தரிசு என்றுதானே எழுதி வைத்திருந்தார்கள்). மார்கழிப் படத்தில் அதே மண்ணில் காம்பவுண்டுச் சுவர் வரை தண்ணீர். தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடல் சேர வேண்டும். ஊர்க்காரர்கள் இதைக் கழுவெளி என்பார்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். மிச்சத்தின் மேல்தான் நாம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறோம்.

படம் ரொம்ப அழகாக வந்துவிடுவதில் ஒரு வம்பும் உண்டு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததே, அந்தப் புகையைச் சாயங்கால வெயிலில் எடுத்தேன், தங்கமாக வந்தது. ஒருவர் வரவேற்பறையில் மாட்ட விலை கேட்டார். அன்றைக்கே அதைக் கண்காட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் கைப்பேசியே போதும். மாடியில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு படம், கீழே தேதியும் இடமும், கவிதை வேண்டாம். அப்புறம், கூடு இருக்கும் இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், கேமராக் கூட்டமே அதைக் கலைத்துவிடும்.

போன முறை படங்களை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் மாட்டினோம். 2015 டிசம்பர் வெள்ளம் சுவரில் விட்டுப்போன அழுக்குக் கோடு இருந்தது. சரியாக அந்த உயரத்துக்கே வரிசையாக. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாளே சங்கத்தார் வந்து, "சார், ஃப்ளாட் ரேட் இறங்கிடும்" என்று கழற்றச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனபோது அந்தக் கோட்டின் மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், தேதியோடு.