பிளக் பொருந்திவிட்டால் போதுமா? பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் புது போர்டும்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற சின்ன வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி, போர்டு என்றால் மதர்போர்டு. எங்கள் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, போர்டு, பிராசசர், ரேம் எல்லாம் புதுசா வாங்கியாச்சு. கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழசே இருக்கட்டுமே, ஓடாதா?"

பெரும்பாலும் ஓடும். அன்றைக்கு ஓடும், அந்த வாரமும் ஓடும். அதனால்தான் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் புது போர்டு எரிந்து வருகிறபோது கேபினட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே பத்து வருடப் பழைய எஸ்எம்பிஎஸ் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தச் செலவைத் தவிர்த்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிளக்கைப் பார்ப்போம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மெயின் பிளக்கில் 20 பின். இன்றைய போர்டில் இருப்பது 24 பின் சாக்கெட். 20 பின் பிளக் அதன் ஒரு பக்கமாகக் கச்சிதமாக உட்காரும், கிளிப்பும் மாட்டும், நான்கு ஓட்டை மட்டும் காலியாக இருக்கும். அப்படிப் பொருந்தும்படிதான் அதை வடிவமைத்தார்கள். காலியாக நிற்கும் நான்கில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், கிரவுண்டு என்று ஆளுக்கொன்று. 2003-ல் இவற்றைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. போர்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மாட்டும் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கு அந்த ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கொடுக்க வேண்டும். அதில் பெரும்பங்கு 12 வோல்ட் லைனில் இருந்து போகும். 20 பின் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு இருப்பது ஒரே ஒரு மஞ்சள் வயர்.

குளச்சல் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இருந்து வந்த கம்ப்யூட்டரில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆல்பம் டிசைனுக்காகப் போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் மாற்றியிருந்தார்கள். தனி பவர் கேபிள் தேவைப்படாத கார்டு அது. முழு மின்சாரத்தையும் ஸ்லாட்டில் இருந்தே எடுக்கும். மெயின் பிளக்கைக் கழற்றப் போனால் வரவில்லை. மெல்ல ஆட்டி எடுத்தபோது, மற்ற ஓட்டைகள் வெள்ளையாகவே இருக்க, மஞ்சள் வயர் போகும் ஓட்டையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே பின் கறுத்துப்போய்விட்டது. "பிளக் கரெக்டாத்தானே மாட்டுச்சு?" என்று அந்தத் தம்பி கேட்டார். கரெக்டாகத்தான் மாட்டியிருந்தது. அந்த ஒற்றை வயரால் அவ்வளவு கரண்டைத் தாங்க முடியவில்லை.

சரி, 24 பின்னாகவே இருந்துவிட்டால்? அப்போதும் லேபிளைப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் '450 வாட்' என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். கீழே உள்ள சின்னக் கட்டத்தில், ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். பழைய, விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்களில் 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்பது போல இருக்கும். 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 வாட். இன்றைய கம்ப்யூட்டருக்கு உதவுவது கிட்டத்தட்ட இந்த 180 மட்டும்தான்.

பென்டியம் 3 காலம் வரை பிராசசருக்கான மின்சாரத்தைப் போர்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட் லைனில் இருந்தே எடுத்தன. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது அது 12 வோல்ட்டுக்கு மாறியது. பிராசசர் அருகில் மாட்டும் 4 பின் சதுர பிளக் அதற்காக வந்ததுதான், பின்னாளில் அது 8 பின்னாகவும் வந்தது. அப்புறம் கிராபிக்ஸ் கார்டும் அதே லைனில் சேர்ந்துகொண்டது. ஆக, 5 வோல்ட்டில் தாராளமாகக் கொடுக்கிற பழைய எஸ்எம்பிஎஸ், கேட்கிற இடத்தில் கொடுக்க முடியாமல் திணறும். ஒரு கணக்கு பாருங்கள். கோர் ஐ5 12400 பிராசசரின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். ஆனால் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும் என்று தயாரித்த இன்டெல்லே சொல்கிறது. அதனுடன் 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டைப் போட்டால் இரண்டுக்கும் மட்டும் 287 வாட். மேலே சொன்ன '450 வாட்' பெட்டியால் இது ஆகாது. பிரவுசர் திறந்து மெயில் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது. வீடியோ ரெண்டர் போட்டதும் பொசுக்கென்று அணையும். கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் இந்த லேபிளையும் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

கன்வர்ட்டர் வயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 20-ஐ 24 ஆக்கும் வயர் எதையும் புதிதாக உண்டாக்காது. இருக்கிற வயரையே இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பழைய ஹார்டு டிஸ்க் பிளக்கில் இருந்து பிராசசருக்கு 8 பின் எடுக்கும் கன்வர்ட்டர், இன்றைய டிஸ்க்குகளுக்கான சாட்டா பிளக்கில் இருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு எடுக்கும் கன்வர்ட்டர் இரண்டையும் தொடவே வேண்டாம். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் மொத்தமாகத் தாங்குவது சுமார் 54 வாட். கார்டின் 6 பின் சாக்கெட்டோ 75 வாட் வரை இழுக்கலாம்.

இதைவிட ஆபத்தான ஒன்று, பிராசசருக்கான 8 பின்னையும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னையும் மாற்றி மாட்டுவது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் மஞ்சளும் (12 வோல்ட்) கறுப்பும் (கிரவுண்டு) நேரெதிர் வரிசையில் இருக்கும். ஓட்டைகளின் வடிவம் வேறு என்பதால் லேசில் ஏறாது. பலம் போட்டு அழுத்தினால்தான் ஏறும், ஏறினால் ஷார்ட். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு.

கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். போர்டு பக்கம் உள்ள முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனையைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி அமைக்கிறார்கள், சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே செத்துவிடும். கல்யாண ஆல்பங்களும் கணக்கு வழக்கும் அதில்தானே இருக்கின்றன.

நம் மாவட்டத்தில் இதற்கெல்லாம் மேலே ஒரு தொல்லை உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் நாள் முழுக்க இழுப்பது உப்புக்காற்றை. உப்பும் தூசியும் சேர்ந்து படிந்த இடம், ஈரம் பட்டால் கரண்டைக் கடத்தும். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் என்று இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது, அதனால் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. கடற்கரை ஊர்ப் பெட்டிகளைத் திறந்தால் திருகாணி துருப்பிடித்து, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் தலை உப்பி இருப்பது சாதாரணம்.

கெப்பாசிட்டர் தளர்ந்துபோனதற்கு வெளியே தெரியும் அடையாளம் ஒன்று சொல்கிறேன். யுபிஎஸ் நல்ல நிலையில் இருக்கும், ஆனாலும் கரண்டு போன உடனே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். எல்லோரும் யுபிஎஸ் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுக்கும் சில மில்லி செகண்டை எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி செகண்டு தாங்கும். பழசால் முடியாது. பேட்டரி மாற்றியும் இதே கதை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

ஸ்லீப்பில் போட்ட கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் அணைந்துவிடுவதும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸால் வரலாம். 2013-ல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர்களில் இருந்து, தூங்கும்போது எடுக்கும் கரண்டு மிகமிகக் குறைந்துவிட்டது. அவ்வளவு சின்ன லோடில் சில பழைய எஸ்எம்பிஎஸ்கள் நிலையாக நிற்பதில்லை. பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரையில்) சி6, சி7 என்று இருக்கும் பிராசசரின் தூக்க நிலைகளை அணைத்துப் பார்க்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கிறேன் என்று, மெயின் பிளக்கில் அதை ஆன் செய்யும் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றியதும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் முழுக்கச் சாகவில்லை என்பது மட்டும்தான் அதில் தெரியும். கனமான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, விஷயம் தெரிந்தவரை விட்டு மல்டிமீட்டரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-க்கு மேலே ஏறக் கூடாது. 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை.

எல்லாப் பழையதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான்கைந்து வருடத்துக்குள் வாங்கிய நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ், 24 பின்னும் பிராசசருக்கு 8 பின்னும் சொந்தமாகவே இருக்கிறது, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, லேபிளில் 12 வோல்ட் போதுமான அளவு இருக்கிறது என்றால் தாராளமாக அதையே மாட்டுங்கள். நானும் அதையே மாட்டித் தருகிறேன். இரண்டாம் கையாக வாங்கிய ஆபீஸ் டெஸ்க்டாப்பின் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கொண்டுவராதீர்கள், பலவற்றில் அந்தக் கம்பெனிக்கென்றே தனி பிளக் இருக்கும்.

கழற்றிய பழையதை வீட்டில் பிள்ளைகள் திறந்து பார்க்கும்படி போட்டு வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நேரம் தங்கியிருக்கும். மின்கழிவு எடுக்கும் இடத்திலோ சர்வீஸ் கடையிலோ கொடுத்துவிடுங்கள்.